இலவசம்தானே, ஏன் போகவில்லை?

கேள்வி: என் தம்பி மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாதம். வயது 22. மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான். தையல் கூடத்தில் வேலை. எத்தனை உருப்படி தைக்கிறாரோ அதற்குத்தான் கூலி. வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் பிரசவ ஆஸ்பத்திரி. பரிசோதனை, மருந்து, பிரசவம் எல்லாமே அங்கே இலவசம். மூன்றாம் மாதம் ஒரு தடவை போய்விட்டு வந்தவர், அன்றிலிருந்து “இனிமேல் நான் போகலை” என்கிறார். “எல்லாம் சும்மா கிடைக்குது, அதான் அருமை தெரியலை. நான் நாலு பெத்தேன், ஒரு டாக்டர் முகத்தையும் பார்த்ததில்லை” என்கிறார் அம்மா. தம்பியோ “பொம்பளைங்க விஷயம், நீங்களே பேசிக்கங்க” என்று ஒதுங்கிக்கொள்கிறான். கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும், மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிட்டார். முதல் பிரசவத்தில் ரத்தம் ரொம்பப் போயிற்று என்று அம்மா ஒருமுறை சொன்ன ஞாபகம். பத்தாவது வரை படித்த பெண்தான். ஏன் இவ்வளவு அலட்சியம்? இவருக்கு எப்படிப் புரியவைப்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் பிரசவத்தில் ரத்தம் ரொம்பப் போயிற்று என்கிறீர்களே, அந்த வரி. ஒரு பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போனவருக்கு அடுத்த பிரசவத்திலும் அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உலகெங்கும் பிரசவத்தை ஒட்டி நேரும் மரணங்களுக்கு முதன்மையான காரணம் ரத்தப்போக்குதான். ஆரம்பித்துவிட்டால் சில மணி நேரம்கூடத் தராது. ஆகவே இந்தக் குழந்தை, ரத்தம் ஏற்றவும் ஆபரேஷன் செய்யவும் வசதியுள்ள இடத்தில்தான் பிறக்க வேண்டும். அப்போது ரத்தம் ஏற்றினார்களா, நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தார்களா, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதையெல்லாம் அம்மாவிடமும் அந்தப் பெண்ணிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். டாக்டர் கையில் போய்ச் சேர வேண்டிய தாள் அது. மூன்றாம் மாதம் போனபோது இதை யாரும் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அவரைத் தேடிக்கொண்டு யாராவது வந்திருப்பார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. அலட்சியம் என்கிறீர்கள். அலட்சியமான பெண் முதல் தடவையே போயிருக்க மாட்டார். இவர் போனார். போய்விட்டு வந்த பிறகுதான் வேண்டாம் என்றார். அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஆஸ்பத்திரி பணம் வாங்குவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு நாள் அவருக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று கூட்டிப் பாருங்கள். தைக்காத நாளுக்குக் கூலி கிடையாது. லீவு கேட்டதற்கு மேஸ்திரியின் முகம் கோணும். பையனைக் கூட்டிக்கொண்டு போனால் வரிசையில் நிற்க விடமாட்டான், விட்டுவிட்டுப் போனால் யார் பார்ப்பார்கள்? குமட்டல் தீராத மூன்றாம் மாதத்தில் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், திரும்ப வர வேண்டும். இதெல்லாம் எதற்கு? எடை பார்த்து, பிரஷர் பார்த்து, “ஸ்கேனுக்கு அடுத்த வாரம் வா” என்று ஒரு சீட்டைக் கையில் கொடுப்பதற்கு. அடுத்த வாரம் மறுபடியும் அதே கணக்கு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இரண்டாவது சீட்டைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருப்பேன்.

கட்டணத்தை எடுப்பது சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோன் 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கட்டணத்தை நீக்கியதும் ஆஸ்பத்திரிகளில் கூட்டம் சேர்ந்தது. அதுவரை வராமலிருந்ததற்குக் காரணம் அறியாமை அல்ல, காசு என்று அதிலேயே தெரிந்தது. ஆனால் அங்கேயும் மருந்து தீர்ந்துபோன நாட்கள் உண்டு, மறைமுகமாகப் பணம் கேட்டவர்கள் உண்டு, தூரமும் அப்படியே இருந்தது. கட்டணம் முதல் கதவு. அதற்குள்ளே இன்னும் சில கதவுகள் இருக்கின்றன.

அந்தக் கதவுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்கள் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1994-ல் வந்த அவர்களுடைய கட்டுரையை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் விடாமல் மேற்கோள் காட்டுகிறார்கள். பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் அதற்குப் பின்னால் மூன்று தாமதங்களில் ஒன்றாவது இருக்கும் என்றார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம். கிளம்பியபின் போய்ச் சேருவதில் தாமதம். போய்ச் சேர்ந்தபின் சரியான சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இவை தனித்தனி இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். போன தடவை உள்ளே எப்படி நடத்தினார்கள் என்பது, அடுத்த தடவை கிளம்பலாமா என்ற முடிவுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் இப்போது நடப்பது அநேகமாக இதுதான்.

போகத் தயங்கும் பெண்ணை விவரம் தெரியாதவள் என்று சொல்வது புதிது இல்லை. 1840-களில் வியன்னாவின் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. இரண்டும் ஏழைப் பெண்களுக்கு இலவசம். மருத்துவ மாணவர்களும் மருத்துவச்சிகளும் அவர்களைப் பார்த்துப் படித்துக்கொள்வார்கள், அதுதான் கைமாறு. மாணவர்கள் வேலை செய்த முதல் வார்டில் 1846-ல் நூற்றுக்குப் பதினோரு பெண்கள் இறந்தார்கள். மருத்துவச்சிகளின் இரண்டாம் வார்டில் மூன்று பேருக்கும் குறைவு. எந்த நாளில் எந்த வார்டில் சேர்ப்பார்கள் என்று முறை வைத்திருந்தார்கள். முதல் வார்டின் நாளில் வந்துவிட்ட பெண்கள் அங்கே மட்டும் வேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். சிலர் வழியிலேயே தெருவில் பெற்றுக்கொண்டு வந்தார்கள். அவர்களைக் கொன்றது பிரசவத்துக்குப் பின் வரும் ஜன்னிக் காய்ச்சல். அவர்களுடைய பயம்தான் அதற்குக் காரணம் என்றுகூட அன்றைக்கு ஒரு விளக்கம் இருந்தது! பிணங்களை அறுத்த கையைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று அங்கே வேலை பார்த்த டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847-ல் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் சாவு சரசரவென்று இறங்கியது. அவர் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, எந்த வார்டில் சாவு அதிகம் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்காக உங்கள் தம்பி மனைவி போகாமல் இருப்பது சரி என்று ஆகிவிடாது. அவர் போகத்தான் வேண்டும். ஆனால் அவர் மறுப்பதற்கு ஒரு காரணம் இருக்கும், அது தெரியாமல் வேலை நடக்காது. எல்லோர் முன்னாலும் வயதைக் கேட்டுக் கிண்டல் செய்தார்களா? திரை இல்லாத இடத்தில் படுக்கச் சொன்னார்களா? “அடுத்ததுக்கு அதுக்குள்ள என்ன அவசரம்” என்றார்களா? முதல் பிரசவத்தில் வலி தாங்காமல் கத்தியபோது அடித்தார்களா? பிரசவ அறைகளில் பெண்களைத் திட்டுவதும் அடிப்பதும் அவமதிப்பதும் பல நாடுகளில் நடக்கிறது, அது உரிமை மீறல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் தனி அறிக்கையே வெளியிட்டது. அங்கே வேலை பார்க்கும் நர்ஸ்களின் பளு எனக்குத் தெரியும். ஒரே ஆள் இருபது பேரைப் பார்த்தால் நாக்கு தடித்துத்தான் போகும். ஆனால் அந்த நாக்கு எல்லோரிடமும் ஒரே மாதிரி தடிப்பதில்லை. நன்றாக உடுத்திய, கூடவே புருஷன் வந்த, தெளிவாகப் பேசத் தெரிந்த பெண்ணிடம் அடங்கும். கூலிக்காரி, கல்யாணமாகாதவள், வேறு மொழிக்காரி, வேறு இனத்தவள், வேறு சாதிக்காரி என்று தெரிந்தால் நீளும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. பிரேசிலில் அலீன் த சில்வா பிமென்டல் என்ற 28 வயதுக் கறுப்பினப் பெண். 2002 நவம்பரில் ஆறு மாதக் கர்ப்பம். வாந்தியும் வயிற்று வலியுமாக ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனார். மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனபோது குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை. இறந்த குழந்தையை வெளியே எடுத்த பிறகு, நஞ்சுக்கொடிக்கான ஆபரேஷனுக்குப் பல மணி நேரம் ஆகிவிட்டது. ரத்தம் போக ஆரம்பித்தது. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற ஆம்புலன்ஸுக்காக எட்டு மணி நேரம் காத்திருந்தார். போய்ச் சேர்ந்த இடத்தில் படுக்கை இல்லை, நடையில் கிடத்தினார்கள். அவருடைய கேஸ் காகிதங்கள் கூட வரவில்லை. அவர் கர்ப்பமாக இருந்ததே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. நவம்பர் 16-ல் இறந்தார். அவருடைய தாயார் விடாமல் போராடினார். 2011-ல் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, பிரேசில் அரசு தன் கடமையில் தவறியது என்றும், பெண் என்பதாலும் கறுப்பினத்தவர் என்பதாலும் ஏழை என்பதாலும் அவர் பாகுபாட்டுக்கு ஆளானார் என்றும் தீர்ப்புச் சொன்னது. பேறுகால மரணத்துக்கு ஓர் அரசைப் பொறுப்பாக்கிய முதல் சர்வதேசத் தீர்ப்பு அதுதான்.

அலீன் அலட்சியமாக இருந்தாரா? வலி வந்தவுடனே போனார். திரும்பவும் போனார்.

படித்த பெண்தானே என்று நீங்கள் கேட்டதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். படிப்பு பெரிய துணை, சந்தேகமில்லை. ஆனால் அது மட்டும் போதாது. அமெரிக்காவில் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் பேறுகால மரண விகிதம், பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்களுடையதைப் போல ஐந்து மடங்கு என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2019-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கே, 2017-ல் சிசேரியன் ஆன மறுநாள் மூச்சுத் திணறியபோது, ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுங்கள் என்று வற்புறுத்த வேண்டியிருந்தது. முதலில் வேறு பரிசோதனையைத்தான் செய்தார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் ரத்தக்கட்டி. உலகம் அறிந்த ஒருவரே இப்படிச் சொல்லிச் சொல்லிக் கேட்க வைக்க வேண்டியிருந்தால், பத்தாவது படித்த ஒரு தையல்காரப் பெண்ணின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: அவருக்கு நீங்கள் நாத்தனார். நீங்கள் எவ்வளவு அன்பாக “ஏன் போகலை?” என்று கேட்டாலும் அவர் காதில் அது விசாரணையாகத்தான் விழும். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, “போன தடவை அங்க என்னம்மா ஆச்சு?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நடுவில் “அதுக்காகப் போகாம இருக்கலாமா” என்று ஆரம்பித்தால் கதை அதோடு நின்றுவிடும்.

அப்புறம் பையனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி நாளில் அவன் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டால், பத்து அறிவுரை செய்யாததை அது செய்யும். கூட ஆள் வேண்டுமா, யார் வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். அது நீங்களாக இல்லாமல் அவருடைய அம்மாவாகவோ தங்கையாகவோ தையல் கூடத்துத் தோழியாகவோ இருந்தால் வருத்தப்படாதீர்கள். பிரசவத்தின்போதும் பெண் தானே தேர்ந்தெடுத்த ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தொடர்ந்து கூட ஆள் இருந்தால் பிரசவம் சீக்கிரம் முடிகிறது, சிசேரியனும் குறைகிறது. உள்ளே விடுவார்களா என்று ஆஸ்பத்திரியில் இப்போதே கேட்டுவையுங்கள். அந்த ஆஸ்பத்திரியை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது என்றால், ரத்த வசதியுள்ள வேறு இடம் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாள் தள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-லிருந்து கர்ப்ப காலத்தில் குறைந்தது எட்டு சந்திப்புகள் வேண்டும் என்கிறது, முதலாவது 12 வாரத்துக்குள். அதில் ஏதாவது தவறியிருந்தாலும் போகட்டும். ஆனால் முதல் ஸ்கேன் 24 வாரம் முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும், ஐந்தாம் மாதம் என்றால் அதற்கு இன்னும் சில வாரங்கள்தான். ரத்த வகை, ஹீமோகுளோபின், பிரஷர், சிறுநீர், தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் முடிந்தவரை அதே நாளில் முடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். “துண்டுக்கூலி, மறுபடி லீவு கிடைக்காது” என்று காரணத்தைச் சொல்லியே கேளுங்கள். சொன்னால் பல இடங்களில் செய்து கொடுப்பார்கள். கேஸ் சீட்டுகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு, போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலீனின் காகிதங்கள் வந்து சேரவில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா, அதற்காகத்தான் சொல்கிறேன்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பொம்பளைங்க விஷயம் என்கிறாரே, வீட்டில் பணம் யார் கையில் இருக்கிறது? வண்டி பிடிக்கும் முடிவை ராத்திரி இரண்டு மணிக்கு யார் எடுப்பார்? அவர்தான் என்றால் இது அவருடைய விஷயமும்தான். உட்காரவைத்து ஒரே ஒரு காரியத்தை முடிவு செய்யச் சொல்லுங்கள்: அவசரம் என்று அவள் சொன்னால், அவரையோ அம்மாவையோ கேட்காமல் கிளம்பலாம். அதற்கான பணம் தனியாக அவள் கையில் இருக்கும், எந்த வண்டி, யாரைக் கூப்பிடுவது, அதே ரத்த வகைக்காரர்கள் யார் யார் என்பதெல்லாம் எட்டாம் மாதத்துக்குள் தீர்மானமாகியிருக்கும். முதல் தாமதம் இந்த ஒரு பேச்சில் பாதி போய்விடும். எதெல்லாம் அவசரம் என்பதை அவரும் தெரிந்துகொள்ளட்டும். எந்த அளவு ரத்தம் பட்டாலும், விடாத தலைவலி, கண் மங்குவது, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, வலிப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல், தாங்க முடியாத வயிற்று வலி, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அம்மாவோடு சண்டை வேண்டாம். நான்கு பெற்றுப் பிழைத்தவர், அதைப் பெருமையாகச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதே காலத்தில் அதே மாதிரி பெற்றுப் பிழைக்காதவர்கள் இன்றைக்கு வந்து மருமகளுக்கு அறிவுரை சொல்ல முடியாது. “உங்களோட செட்டுல யாராவது பிரசவத்துல போயிட்டாங்களாம்மா?” என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் ஒரு பெயராவது வராமல் இருக்காது. 2000-க்கும் 2023-க்கும் இடையில் உலகின் பேறுகால மரண விகிதம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருக்கிறது. அப்படியும் 2023-ல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறைந்த வருமான நாடுகளிலும் கீழ்நடுத்தர வருமான நாடுகளிலும். பெண்களின் உடம்பு நாட்டுக்கு நாடு மாறிவிடவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது வேலைக்குத் திரும்புவார் என்றும் இப்போதே பேசிவிடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பு என்கிறது. துண்டுக்கூலிக்காரர்களுக்கு அது நடைமுறையில் பெரும்பாலும் எட்டுவதில்லை. கூடத்தில் சங்கம் இருந்தால் விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த வாரங்களின் வருமானத்தை வீடு தாங்க வேண்டும். பிறந்த முதல் நாளும், அடுத்து இரண்டு மூன்று நாளிலும், ஒன்றிரண்டு வாரத்திலும், ஆறாம் வாரத்திலும் தாயையும் பரிசோதிக்க வேண்டும். எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது, தாய்க்கு ரத்தம் போவதும் காய்ச்சல் வருவதும் கண்ணில் படாது.

கடைசியாக அந்த மாத்திரை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், அதில் கெடுதல் எதுவும் இல்லை. மாத்திரையைக் கையில் கொடுத்தவரே இதைச் சொல்லியிருக்க வேண்டும், அரை நிமிஷ வேலை. முன்பு ரத்தம் நிறைய இழந்த பெண், ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போகக் கூடாது. இன்று ராத்திரியே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப்போகும்போது போடட்டும். அப்படியும் ஒத்துக்கொள்ளாமல் மலச்சிக்கலோ வயிற்றெரிச்சலோ வந்தால் நிறுத்திவிடாமல் அடுத்த சந்திப்பில் சொல்லட்டும், வேறு மாத்திரையோ வேறு முறையோ மாற்றித் தருவார்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அளவையும் கூட்டுவார்கள். அந்த எண்ணை மறக்காமல் கேட்டு, முதலில் சொன்ன தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.